சாமிக்கு மேல் சப்பாத்து

வெயில் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத மனிதன் ஒருவன் உண்டென்றால் அவன் கூரை வேலைக்காரன்தான். மழை இறங்கிவிட்டாலோ, என்னைவிட வேண்டப்பட்டவன் இந்த மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்திலேயே கிடையாது. பீடோங்கிலிருந்து கிளம்பி, யான் என்கிற ஊரின் கடற்கரை முதல் சிடாம் கிரி வரைக்கும், ஏணி கட்டிய வேனில் நானும் என் கூட்டாளி ஆரோக்கியமும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குள் வாளி வைத்து மழைநீர் பிடித்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி. போன மழையில் பார்த்த சில வீடுகளைச் சொல்கிறேன். அதில் ஒரு வீட்டில் கல்யாணப் பெண் இருந்தாள். அவளுக்கு நலங்கு வைக்கிற அன்று கூரை நிற்குமா, தலையில் இறங்குமா என்பதே பெரிய கேள்வியாகிப் போனது. அந்தக் கதை கடைசியில் வரும். முதலில் சில்லறை வீடுகள்.

கொட்டும்போதுதான் ஞாபகம்

வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. சுங்கைப் பட்டாணியிலிருந்து ஓர் அம்மா போன் செய்கிறார். உடனே வந்து ஏற வேண்டுமாம். ஈரத் தகரத்தில் ஏறினால் நான் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் இறங்குவேன் என்றேன். அப்படியே ஏறினாலும், நனைந்த இடத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. சீலிங் தொந்தி மாதிரி தொங்குகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். அந்த அறையில் கரண்டு சுவிட்சை அடைக்கச் சொன்னேன். பிறகு அடியில் வாளியை வைத்து, ஒதுங்கி நின்று, நீளக் குச்சியால் தொந்தியில் சின்னதாக ஓர் ஓட்டை போடச் சொன்னேன். தண்ணீர் அமைதியாக இறங்கிவிடும். விட்டுவைத்தால் பலகையே மொத்தமாக விழும்.

எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு, இனிமேல் தைப்பூசம் கழிந்து வானம் காய்ந்திருக்கும்போதே கூப்பிடுங்கள் என்று புத்தி சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “வெயில் அடிக்கும்போதுதான் ஒழுகலையே தம்பி, அப்புறம் ஒங்கள எதுக்குக் கூப்புடணும்?”

சீலிங்கில் ஒரு பெருக்கல் குறி

பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் சீலிங்கில் கரியால் பெரிய பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். ஓட்டை அங்கேதான், வேறு எங்கும் கை வைக்காதே என்று உத்தரவு. நான் மேலே ஏறி, அந்த இடத்தை விட்டுவிட்டு வீட்டின் மறுகோடிக்கு நடந்தேன். அவர் கீழே என் காலடிச் சத்தத்தைப் பின்தொடர்ந்து ஓடிவந்துகொண்டே, “எங்கப்பா போற, எங்கப்பா போற” என்று கத்தினார்.

சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறு. உச்சியில் ஓர் ஆணியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியாக இறங்கிய தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஓடி, அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே வந்து நின்று சொட்டியிருக்கிறது. கீழே வந்து இதை விளக்கியபோது அவருக்கு வந்த கோபம் என் மேல் இல்லை. “அப்போ இந்தத் தண்ணி, வாடகையும் குடுக்காம, என் வீடு முழுக்க நடந்து பாத்துட்டுத்தான் என் மேல விழுந்துருக்கு!”

காற்றுக்கு டயர்

யான் பக்கம் வயல்வெளி. கடல் காற்று தடுப்பாரின்றி வரும். அங்கே ஓய்வு பெற்ற லோரி டிரைவர் சேவியர் அங்கிள், தகரம் பறந்துவிடக் கூடாது என்று கூரை முழுக்கப் பழைய டயர்களை அடுக்கியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வீடா, பட்டறையா என்று சந்தேகம் வரும். டயருக்குள் தண்ணீர் தேங்கிக் கொசு குடும்பம் நடத்தியது. டயருக்கு அடியில் ஈரம் காயாமல் தகரம் துருப்பிடித்துக்கொண்டே வந்தது. நாங்கள் ஒவ்வொன்றாகத் தூக்க, வீட்டுக்குள் வளையம் வளையமாக வெளிச்சம் விழுந்தது. ஆரோக்கியத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காற்றுக்குப் பயமென்றால் கூரை மேல் பாரம் வைக்காதீர்கள். தளர்ந்துபோன ஆணிகளை எடுத்துவிட்டுத் திருகாணி போட்டு, தகரத்தைச் சட்டத்தோடு இறுக்குங்கள். இதை அங்கிளிடம் சொன்னபோது, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். “காத்துக்குப் பயந்து டயர வச்சேன், டயரு ஓட்ட போட்டுருச்சு. இப்ப ஓட்டைக்குப் பயந்து என்னத்த வைக்கிறது, லோரியவா?”

முருகன் தலையில் சொட்டு

இனி அந்தக் கல்யாண வீடு. சரோஜா அக்கா சிடாம் கிரியில் இருக்கிறார். பள்ளிக்கூட கேண்டீனில் சமையல். பாதிச் சுவர் கல்லும் பாதி பலகையுமான அந்த வீட்டை, எஸ்டேட்டை விட்டு வந்த புதிதில் அவருடைய கணவர் தன் கையாலேயே கட்டியிருக்கிறார். அவர் இப்போது இல்லை. ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம் கோயிலில், ஆனால் நலங்கு மட்டும் அப்பா கட்டிய வீட்டில், சாமி மேடைக்கு முன்னால்தான் என்று தாயும் மகளும் பிடிவாதமாக இருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, சமையலறைப் பக்கம் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்.

சமையலறையில் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பும்போதுதான் கவனித்தேன். சாமி மேடைக்கு நேர் மேலே சீலிங் கறுத்து, ஓரம் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “அது முருகன் தலையிலதான் சொட்டுது தம்பி. சரி, அவருக்கு அபிஷேகமாப் போவுதுன்னு விட்டுட்டேன்.”

யார் பரம்பரை?

சீலிங் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டு, குறுக்குச் சட்டத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது போல் இறங்கியது. நலங்கு அன்று பெண்ணை உட்கார வைக்கப் போவது அதற்கு நேர் கீழே. சுற்றி நிற்கப் போவது சொந்தபந்தம் அத்தனையும். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்: சட்டத்தையும் அதன் மேல் உள்ள தகரத்தையும் மாற்றாமல் இங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அக்காவின் முகம் வாடிப்போனது. ஆனாலும் சம்மதிக்கவில்லை. சாமிக்கு மேல் சப்பாத்துக் கால் படக்கூடாதாம். முன்பு வந்தவர்களையும் விடவில்லையாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கை எட்டின மட்டும் தாரைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் யாருமே ஏறிப் பார்க்காத ஒரே இடம் சாமிக்கு மேல் உள்ள இடம்தான். சாமியை நகர்த்தலாமே என்றேன். முகூர்த்தப் புடவையை மேடையில் வைத்தாகிவிட்டது, கல்யாணம் முடியும்வரை அசைக்க முடியாது என்றார். வெறுங்காலில் ஏற நான் தயாரில்லை. தகரத்தின் விளிம்பு கத்தி. வழுக்கினால் பிடிக்க ஆள் கிடையாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஆரோக்கியம் நடுவில் புகுந்து, “அக்கா, பின்னால தோப்புலருந்து குரங்கெல்லாம் அது மேலதானே ஓடுது?” என்று சாமர்த்தியமாகக் கேட்டான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அது ஆஞ்சநேயர் பரம்பரை லா. நீங்க யாரு பரம்பரை?”

மஞ்சள் வைத்த சப்பாத்து

இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று வேனைத் திருப்பிவிட்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் அங்கே உட்காருவதுதான் கண்ணில் நின்றது. மறுநாள் காலையில் நானே போன் செய்யலாம் என்று எடுத்தால், அக்கா முந்திக்கொண்டார். “தம்பி, ராத்திரி பூரா யோசிச்சேன். சப்பாத்து ஏன் ஆகாது? கண்ட எடத்துலயும் மிதிக்கிறதனாலதானே? மிதிக்காத சப்பாத்தா இருந்தா?” என்றார்.

போனோம். ஒரு தாம்பாளத்தில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, புத்தம் புதிதாக இரண்டு ஜோடி. கழுவித் துடைத்து, மூக்கில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். அதைத் தரையில் வைக்கக் கூடாது என்று கட்டளை. நாங்கள் வெறுங்காலோடு ஏணியில் ஏறி, சமையலறைக் கூரையில் உட்கார்ந்து, அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஆரோக்கியம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் எழுந்தான். எனக்குக் கொஞ்சம் இறுக்கம், பெருவிரல் கத்தியது. இருந்தாலும் சொல்கிறேன், அப்படியொரு பிடிமானமுள்ள சப்பாத்தை நான் அதுவரை போட்டதில்லை. சிரிப்பும் வந்தது. கூடவே, சாமியையும் விடாமல் மகளையும் விடாமல் வழி கண்டுபிடித்த அந்த அக்காமேல் மரியாதையும் வந்தது.

தகரத்தை எடுத்ததும் சட்டத்தின் ஒரு முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆணி எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கயிறு கட்டிக் கீழே இறக்கினோம். அக்கா அதைத் தொட்டார். கையோடு ஒரு துண்டு வந்துவிட்டது. கையிலிருந்த தூளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார், அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். புதுச் சட்டமும் புதுத் தகரமும் பொருத்தி, இரண்டு பேரும் அதே இடத்தில் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம்.

நலங்குக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். சாயங்காலம் சொல்லிவைத்தது போல் பேய்மழை. எல்லாரும் பெண்ணின் முகத்தைப் பார்க்க, நான் ஒருவன் மட்டும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. கவிதா மஞ்சள் பூசிய கன்னத்தோடு நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பினாங்கிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மேலே பார்த்து, கூரை கெட்டியாக இருக்கிறதே, யார் வேலை என்று கேட்டார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். சரோஜா அக்கா சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே பதில் சொன்னார்: “இத்தன வருசமா முருகன்தாங்க தாங்கிப் புடிச்சிட்டு நின்னாரு. பாவம், இப்பதான் கைய எறக்கியிருக்காரு.”

ஒழுகினால் திட்டு எங்களுக்கு, ஒழுகாவிட்டால் கும்பிடு முருகனுக்கு என்றே ஆகிவிட்ட தொழில் இது. ஆனாலும், அவருக்குக் கை வலிக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.