லாக்கரம்மாவிடம் இருந்த இரண்டாவது சாவி

என் சித்தி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவரைப் பார்த்தபடி கழித்தவள். அது தண்டனை இல்லை. அவள் வேலையே அதுதான்.

கடைத்தெரு முனையில் இருந்தது அந்த வங்கி. வேறு எங்கும் கிளை இல்லாத, ஊர்க்காரர்களே தொடங்கி நடத்திய சின்ன வங்கி. மாடியில் பல் மருத்துவர், கீழே வங்கி, அதன் பின்பக்க அறையில் லாக்கர்கள். ஒரு லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வங்கியுடையது, இன்னொன்று வாடிக்கையாளருடையது. முதலில் சித்தி தன் சாவியைப் போட்டுத் திருப்புவாள், பிறகு வந்தவர் தன்னுடையதைத் திருப்புவார். விதிப்படி அதோடு சித்தி வெளியே போய்விட வேண்டும். ஆனால் அந்த அறைக் கதவுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் புத்தி உண்டு. ஒரு முறை மருந்துக்கடைக்காரரின் தாயார் உள்ளே அகப்பட்டுக்கொண்டு, மாடியில் பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடும் அளவுக்கு அலறியிருக்கிறார். அதற்குப் பிறகு சித்தி உள்ளேயே ஒரு காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பது என்று ஆனது. விதியில் இல்லாத விதி.

அவள் பார்த்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்து ஒரு வாத்து மாதிரி இருக்கும். எங்கள் குடும்பத்தில் யாரையும்விட அந்த வாத்துதான் சித்தியின் முகத்தை அதிகம் பார்த்தது.

ஊரில் அவளுக்கு லாக்கரம்மா என்று பெயர். பார்க்கவில்லையே தவிர, கேட்டுக்கொண்டிருந்தாள். நகைப்பெட்டி மூடி திறக்கும் சத்தம், பத்திரத்தை விரிக்கும் சத்தம், எதையுமே எடுக்காமல் சும்மா நிற்பவர்களின் மூச்சு. "என் முதுகுக்குத் தெரியாத குடும்பம் இந்த ஊர்ல இல்லடி" என்பாள். எந்தக் குடும்பம் என்று கேட்டால், "அத முதுகுகிட்டயே கேளு" என்பாள்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றிப் பேசுவதையும் ஒரு கட்டத்தில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். வங்கியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே தொடங்கும் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அம்மா அண்ணனோடு வேறு ஊருக்குப் போயிருந்ததால் என் பையைச் சித்தி வீட்டில்தான் இறக்கினேன். நான் வந்து கொஞ்ச நாளில் வங்கி மூடியது. "எல்லாம் நீ வந்த ராசி" என்றாள் சித்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூடிய காரணத்தில் புதுமை ஒன்றும் இல்லை. வங்கியை நடத்தியவர்கள் மாமன் பேரிலும் மச்சான் பேரிலும் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள், அது திரும்பி வரவில்லை. ஒருநாள் காலை ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. மேனேஜருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். வாசலில் கூடியவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததால் ஷட்டருக்கு அடியில் குனிந்து சித்திதான் வெளியே வந்தாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலைங்க" என்றாள்.

"இத்தனை வருஷம் உள்ளயே கிடந்தவளுக்குத் தெரியாதா?" என்று யாரோ கேட்டார். அந்தக் கேள்விக்கு ஊர் அன்றைக்கே பதில் முடிவு செய்துவிட்டது. மளிகைக் கடையில் அவள் கேட்டதைப் பொட்டலம் கட்டி மேடையில் வைத்துவிட்டு, கடைக்காரர் அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே போகும். கெட்ட வார்த்தை ஒன்றும் யாரும் சொல்லவில்லை. வார்த்தையே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வங்கியைக் கையில் எடுத்து, இருப்பதை விற்று, முடிந்த அளவு திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் ஒருவரை நியமித்தது. ரிசீவர் என்று அவரைச் சொன்னார்கள். எப்போதும் தொண்டை கட்டிய, வாயில் ஒரு இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டே பேசும் மனிதர். ஊழியர்களை அனுப்பிவிட்டு, வாட்ச்மேனையும் சித்தியையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். கணக்கில் இருந்தது முடங்கினாலும் லாக்கரில் இருப்பது அவரவர் பொருள். ஒவ்வொருவராக வந்து காலி செய்ய வேண்டும், அதுவரை வங்கியின் சாவியைத் திருப்ப ஆள் வேண்டும். கடைசிச் சனிக்கிழமைக்குள் வராதவர்களின் லாக்கரை, சாட்சிகளை வைத்துத் துளைபோட்டு உடைத்துப் பொருட்களை எழுதி எடுப்போம் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்.

நான் மதியச் சாப்பாடு கொண்டு போவேன். மேசைகளை ஒருபக்கமாகத் தள்ளியிருந்த கூடத்தில், பணம் கட்ட வந்தவர்கள் முன்பு உட்கார்ந்த பெஞ்சில் சித்தி தனியாகச் சாப்பிடுவாள். வாட்ச்மேன் வாசலிலிருந்து குரல் கொடுப்பார். "இப்பத் திருடன் வந்தாக்கூட நம்மளப் பாத்து ஏதாவது குடுத்துட்டுத்தான் போவான், இல்லையாம்மா?" அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

அதற்கு முன்பெல்லாம் அவள் சாப்பிட்டது எதிர்வரிசை ஸ்டுடியோவில். ஸ்டுடியோ அக்கா என்று ஊரே கூப்பிடும் அந்த அம்மாள்தான் சித்திக்கு இருந்த ஒரே சிநேகிதி. போட்டோகிராபரான கணவர் இறந்ததும் கேமராவைத் தானே கையில் எடுத்தவர். மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு, அருவி வரைந்த திரைக்கு முன்னால் ஸ்டூல்களைப் போட்டு இருவரும் சாப்பிடுவார்கள். "சுற்றுலா போயிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சித்தி வங்கிக்குத் திரும்புவாளாம்.

அக்காவுக்கும் ஒரு லாக்கர் இருந்தது. அவர் சாவியை ஒரு முறை தொலைத்து, பூட்டு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புதுச் சாவி வந்ததும் அதைப் பழைய பிலிம் ரோல் டப்பாவில் போட்டுச் சித்தியிடம் கொடுத்துவிட்டார். "உன்கிட்ட இருந்தா தொலையாது, லாக்கரு." வாடிக்கையாளர் சாவி ஊழியர் கையில் இருக்கவே கூடாது. இரண்டு சாவி வைத்ததன் நோக்கமே அதுதான். ஆனால் இந்த ஊரில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றியிருக்காது. அந்தக் கறுப்பு டப்பா பல வருடமாகச் சித்தியின் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

கணவர் விட்டுப்போன வீட்டை விற்ற பணத்தை எங்கே போடுவது என்று அக்கா யோசித்தபோது சித்தி சொன்னாள்: "எங்க பேங்க்ல போடு. நான் இருக்கேன்ல." அந்தப் பணம் இப்போது ரிசீவர் கையில். வங்கி மூடியதிலிருந்து அக்கா சித்தியிடம் பேசவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சித்தி போனபோது, பேங்க் சம்பந்தப்பட்ட எதையும் கடைக்குள் கொண்டுவராதே என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

கடைசி வாரத்தில் எல்லா லாக்கரும் காலியாகி, அக்காவுடையது ஒன்று மட்டும் மிஞ்சியது. சித்தி தூங்கவில்லை. உடைத்தால் ஒரு பெண் அத்தனை வருடம் மறைத்து வைத்ததை நான்கு அந்நியர்கள் மேசையில் பரப்பி எழுதுவார்கள். அதில் ஏதாவது ஒன்று குறைகிறது என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டால்? இரண்டு சாவியும் ஒருத்தி கையில் இருந்தன என்பது அக்காவுக்குத் தெரியும். ரிசீவருக்குத் தெரிந்தால் நம்பிக்கைத் துரோகம் என்றே எழுதுவார். பணிக்காலம் முழுவதும் சுவரைப் பார்த்து நின்றதற்கு அந்த ஒரு வரிதான் மிஞ்சும்.

அவளிடம் கேட்காமல் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோ எடுக்க வந்தேன் என்றேன்.

"பாஸ்போர்ட் சைஸா? எந்த நாட்டுக்கு? ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு அளவு கேக்குறான்."

"இன்னும் முடிவு பண்ணல, அக்கா."

"முடிவு பண்ணாமலே போட்டோவுக்கு உக்கார்ற முதல் ஆளு நீதான். தாடைய எறக்கு. சிரிக்காத." கேமராவுக்குப் பின்னால் குனிந்தபடி சொன்னார். "இந்த மாசம் யார்கிட்டயும் சிரிக்காதன்னு சொல்ல வேண்டியே இல்ல. எல்லாம் போட்ட பணத்தத் திருப்பிக் கேக்குற பேங்க் ஃபாரத்துக்கு எடுக்க வர்றவங்க. தானாவே அப்படித்தான் உக்கார்றாங்க. பேங்க் கவுந்ததுல வியாபாரம் பாக்கறது ஊர்லயே நான் ஒருத்திதான்."

"சனிக்கிழமை கடைசி நாளாம், அக்கா."

"நோட்டீஸ் இங்கிருந்தே தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். அதைத் தொடாமல் பார்த்தார்.

"அவ குடுத்து விட்டாளா?"

"இல்ல. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன். அவங்களுக்கு உள்ள நடந்தது எதுவுமே தெரியாது, அக்கா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா. அதான் எரிச்சலே. தெரிஞ்சு செஞ்சிருந்தா நாலு வார்த்தை நல்லாத் திட்டிட்டு வேலையப் பாத்திருப்பேன். தெரியாம செஞ்சவள என்ன பண்றது?" டப்பாவை விரலால் என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போ. அவ கையில குடுத்தது. வாங்கினா அவ கையிலதான் வாங்கணும். அதுக்கு எனக்கு மனசு வரல."

சனிக்கிழமை நான் காலையிலிருந்தே வங்கிப் பெஞ்சில் இருந்தேன். மதியத்துக்கு மேல் பூட்டு உடைப்பவர் துளைபோடும் மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சீக்கிரம் முடியுமாம்மா? இன்னொரு வீட்டுல கதவு காத்துட்டு இருக்கு" என்றார். ரிசீவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அலமாரியில் திரும்ப வைத்த டப்பா அதற்குள் இருந்தது.

ஷட்டர் பக்கம் நிழல் தட்டியது. அக்கா ஒரு துணிப்பையோடு உள்ளே வந்து நேராக ரிசீவர் மேசைக்குப் போய் அடையாள அட்டையை வைத்தார்.

"சாவி?" என்றார் ரிசீவர்.

சித்தி எழுந்து போய், கைப்பையைத் திறந்து, கறுப்பு டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"சார், அது நான் வீட்ல…" என்று சித்தி ஆரம்பித்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றார் அக்கா. "இப்ப, வாசப்படியில. கை நடுங்குது, கொஞ்சம் பிடின்னு குடுத்தேன். வயசாகுதுல்ல சார்."

சித்தி காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ரிசீவர் வாட்ச்மேனைப் பார்த்தார்.

"ஆமா சார், நான் பாத்தேன்" என்றார் வாட்ச்மேன், தெருவைப் பார்த்தபடி.

ரிசீவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "போங்க" என்றார்.

இருவரும் பின்னறைக்குப் போனார்கள். பேச்சுக் குரல் ஏதும் வரவில்லை. உட்கார்ந்து மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை, அக்கா நிறைந்த பையோடு வெளியே வந்தார். கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்த்து, "உன் போட்டோ ரெடியா இருக்கு, வந்து வாங்கிக்கோ" என்றார். சித்தியின் பக்கம் திரும்பவே இல்லை. தெருவைக் கடந்து போய்விட்டார்.

"அப்ப எனக்கு வேலை இல்லையா?" என்று கேட்டார் பூட்டு உடைப்பவர்.

அன்று மாலை சித்தி சாப்பாட்டு டப்பாவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். குழாயை மூடாமல் சொன்னாள்.

"ஒரு பெட்டியக்கூடத் திறந்து பாக்கல."

"நீ திரும்பி நின்னுட்டுத்தானே இருந்த?"

"காது திரும்பியா நிக்குது? எப்பவும் ஒவ்வொண்ணாத் திறப்பா. கம்மல் பெட்டி டக்குன்னு கேக்கும், அவ வீட்டுக்காரரோட கைக்கடிகாரத்துக்குச் சாவி குடுப்பா, அது கிர்ருன்னு கேக்கும். ஒவ்வொண்ணுக்கும் எனக்கு ஒரு கதை சொல்லுவா. இன்னிக்கு லாக்கர் தட்ட அப்படியே பையில கவுத்தா. ஒரே சத்தம்."

"உன்மேல சந்தேகம் இல்லாமத்தானே சித்தி அப்படி?"

"அப்படியும் இருக்கலாம். என்கூட அந்த ரூம்ல இன்னொரு நிமிஷம் நிக்கப் பிடிக்காமயும் இருக்கலாம்." குழாயை மூடினாள். "முதுகுக்கு அதுவரைக்கும்தான்டி கேக்கும்."

முடங்கிய பணத்தில் சித்தியுடையதும் கொஞ்சம் இருந்தது. அதற்கான மனுவில் அவளுடைய போட்டோவும் ஒட்ட வேண்டும் என்று மறுவாரம் தகவல் வந்தது. ஊரில் ஒரே ஸ்டுடியோதான். "பக்கத்து ஊருக்குப் போய் எடுத்துட்டு வரலாமா?" என்று கேட்டாள், பெரிதாக ஒன்றுமில்லாதது போல. பஸ் பிடித்துப் போனோம். அங்கே இருந்த இளைஞன் அவளை உட்கார வைத்துவிட்டு, "நேராப் பாருங்கம்மா" என்றான். அவள் பார்த்தாள். அவன் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் முகம் தானாக ஒருபக்கம் ஒதுங்கியது. "திரும்பாதீங்கம்மா, இங்க, என்னப் பாருங்க" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தேவைக்கு மேல் நிறையப் பிரதி போட்டுக் கொடுத்துவிட்டான். மனுவுக்குப் போக மிச்சத்தை என்ன செய்வதென்று சித்திக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், டப்பா இருந்த இடத்தில் வைத்தாள்.