'சி' என்றால் சூடு

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் யாருக்கு எந்த நாளில் காது குத்தினார்கள், எந்த வாரம் மழை பிடித்தது என்றெல்லாம் குறித்து வைப்பது என் வழக்கம். அப்படிப்பட்ட நான் எழுதும் இந்தக் கட்டுரையில் ஒரு தேதிகூட இல்லை. காரணம் அப்பா. அவர் காலத்தைக் கம்ப்ரஸரால் அளந்தவர். "நான் பொறந்தது என்ன கிழமைப்பா?" என்று கேட்டால், "நீ ரெண்டாவது கம்ப்ரஸர் வர்றதுக்கு முன்னாடி. ஒன் தம்பி பொறந்தது பெல்ட்டு அறுந்த வருஷம்" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பா பிறந்தது கனகசெட்டிக்குளம் மீனவக் குப்பத்தில். அண்ணன்மார் நால்வரும் கடலுக்குப் போனார்கள். அப்பாவும் போனார், போன ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தார். "இவன ஏத்துனா மீனுக்குத்தான் தீனி" என்று அண்ணன்மார் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். மீனைப் பிடிக்க முடியாவிட்டாலும் கெடாமல் காக்கலாமே என்று ஐ.டி.ஐ.யில் குளிர்பதன மெக்கானிக் படித்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு அருகே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

கிடங்கின் முதலாளி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இயந்திரத்தையும் பிரான்சிலிருந்தே பழையதாக வாங்கிக் கப்பலில் வரவழைத்திருந்தார். மீன் அறைக்குப் போகும் குழாயில் இரண்டு வால்வுகள். ஒன்றில் 'எஃப்' என்றும் மற்றதில் 'சி' என்றும் பொறித்திருந்தது. இரண்டில் ஒன்றுதான் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். எப்போதும் 'எஃப்'தான் திறந்திருக்கும்.

அந்த நாட்களில் துறைமுகத்தில் இறால் ஏலம் எடுப்பவர்களில் பேர்போனவர் பெரியம்மா. தாய் தகப்பன் இல்லாத தங்கையை, அதாவது எங்கள் அம்மாவை, வளர்த்தவர் அவரே. அம்மாவைப் பெண் கேட்க அப்பாவுக்கு ஆள் யாரும் கிடைக்கவில்லை. எடைத் தராசுக்கு முன்னால் நின்று தானே கேட்டுவிட்டார். "யோசிச்சு சொல்றேன், போய் வேலயப் பாரு" என்று பெரியம்மா அனுப்பிவிட்டார்.

அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அறை சூடேறத் தொடங்கியது. உள்ளே நிரம்பியிருந்ததெல்லாம் பெரியம்மாவின் இறால். மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டிய முள் மைனஸ் எட்டுக்கு வந்துவிட்டது. குளிர்க் குழாய்களின் மேல் பனி மூடிப் பாறையாகிவிட்டதால் காற்று நுழைய வழியில்லை. முதலாளியோ மகனைப் பார்க்கப் பிரான்சு போயிருந்தார்.

நடுப்பகலில் பெரியம்மா கிடங்கு வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னா மெக்கானிக்கு, என் எறாவ வேவ வெக்கிறியா உள்ள?"

"பனி கட்டிக்கிச்சுக்கா."

"கடப்பாரைய எடுத்து நாலு தட்டு தட்டுய்யா."

"தட்டுனா குழா ஓட்டையாயிடும்க்கா. அமோனியா வெளிய வந்துடும்."

"இத பாரு. மொதல்ல என் எறாவக் காப்பாத்து. அப்புறம் பேசலாம் பொண்ணப் பத்தி."

அப்பா வால்வுகளைப் பார்த்தார். 'எஃப்' என்றால் ஃபேன், 'சி' என்றால் கூல் என்று அவருடைய ஆங்கிலம் சொன்னது. கூல் இத்தனை நாளாக மூடிக் கிடந்தால் அறை எப்படிக் குளிரும்? 'எஃப்'பை மூடினார், 'சி'யைத் திறந்தார்.

சிறிது நேரத்தில், உடன் வேலை செய்த பாவாடை மாமா கத்திக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, ஆவி வருதுண்ணே! ரூமுக்குள்ள மழ பெய்யுது!"

அப்பா உள்ளே ஓடினார். குழாய்கள் கொதித்தன. மேலிருந்து தண்ணீர் கொட்டியது. கல்யாணம் போயிற்று என்றுதான் நினைத்தாராம். மூடலாம் என்று வால்வில் கைவைத்த நேரம், பனிப்பாறை பாளம் பாளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. உடனே 'சி'யை மூடி, 'எஃப்'பைத் திறந்தார். பொழுது சாய்வதற்குள் முள் மைனஸ் பதினெட்டில் நின்றது. இறாலில் ஒரு பெட்டிகூட வீணாகவில்லை.

"கைராசிக்காரன்யா நீ" என்றார் பெரியம்மா.

"இல்லக்கா. தப்பா தொறந்துட்டேன்."

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தப்பா தொறந்தேன்னு சொல்ற மெக்கானிக்க இப்பதான்யா பாக்குறேன். வெள்ளிக்கெழம வூட்டுக்கு வா."

பிரான்சிலிருந்து திரும்பிய முதலாளி கதையைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். "பிரெஞ்சுல 'சி'ன்னா ஷோ, தம்பி! ஷோன்னா சூடு! 'எஃப்'தான் குளிரு!" பனியை உருக்குவதற்கென்றே கம்ப்ரஸரின் சூட்டைத் திருப்பிவிடும் வால்வு அது. அப்பா அன்றே சிவப்புப் பெயிண்டில் 'சூடு' என்று எழுதி வைத்தார்.

எங்கள் வீட்டுக்கு அது தனி மொழியாகிவிட்டது. அம்மா கோபத்தில் குரலை உயர்த்தினால் தம்பி என் காதில், "'சி' தொறந்தாச்சு" என்பான். அப்பாவும் கண்டிக்காமல் சிரிப்பார். ஒன்றுக்கு மட்டும் அவர் கண்டித்தார்: குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன தின்னலாம் என்று நிற்பது. "கதவச் சாத்திட்டு யோசி." ஒரு புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோது, கிடங்குக் கதவின் இடுக்கையெல்லாம் சாக்கால் அடைத்து, யார் கெஞ்சியும் திறக்காமல் வாசலிலேயே உட்கார்ந்து மீனைக் காத்தவர் அவர்.

உறைகுளிரிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து உறைகுளிருக்கும் மாறி மாறிப் போய்வந்ததில் முழங்கால்கள் தேய்ந்தன. காது எப்போதும் குளிர்ந்தது. சித்திரை மாதத்திலும் குரங்குக் குல்லாவோடுதான் கடற்கரைச் சாலையில் நடப்பார். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். நின்று முகம் காட்டுவார்.

கடைசி வாரத்தில் ஒரு காலை, என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன தேதிம்மா?" என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத கேள்வி. எதற்கு என்றேன். "எனக்கெதுக்கு? ஒனக்குத் தேவப்படுமே, எழுதி வெச்சிக்க" என்றார். அவர் போன அன்று நான் எழுதிக்கொள்ள வேண்டியிருந்த தேதியை இம்மலரின் அட்டையில் அச்சிட்டிருக்கிறோம்.

மருத்துவமனையில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அடுப்பேற்றாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், பிள்ளைச்சாவடியிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தங்களுக்கும் நன்றி. பாரிஸிலிருந்து தம்பி வந்து சேர இரண்டு நாளானது. அதுவரை அப்பாவை வாடகைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். "காது குளிரும்" என்று அம்மா குல்லாவைப் போட்டுவிட்டிருந்தார். பெட்டி கடகடவென்று ஆடியபோது, பாவாடை மாமா மோட்டாரில் காதுவைத்துக் கேட்டு, பெட்டியின் காலுக்கடியில் அட்டை மடித்து வைத்துச் சத்தத்தை அடக்கினார். அவருக்குத் தனி நன்றி.

கடைசி நன்றி பெரியம்மாவுக்கு. தம்பி வந்து நின்றபோது பெட்டியின் கண்ணாடி மூடிக்கு உள்பக்கம் பனி பூத்து, அப்பாவின் முகம் தெரியவில்லை. அவன் கண்ணாடியைத் தட்டப் போனான்.

"தட்டாதடா" என்றார் பெரியம்மா. "ஒங்கப்பன் தட்ட வுட மாட்டாரு. கைய வெய்யி. 'சி'ய தொற."

தம்பி உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தான். பக்கத்தில் பெரியம்மா தன் கையை வைத்தார். பிறகு அம்மா, நான். அழுதுகொண்டே யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தோம். கைகளை எடுத்தபோது, பனி உருகிய இடத்தில் அப்பா தெரிந்தார், குரங்குக் குல்லாவோடு.