நான் ஓகே போட்ட காத்தாடி

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். லேத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து ஓகே என்றோ ரிஜெக்ட் என்றோ எழுதுவது என் வேலை. என் மனைவியின் தம்பி போன கோடையிலிருந்து மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டின் நான்காவது மாடியில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வருடம் வீட்டில் யாருக்கும் நான் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கைட்போர்டிங் என்றால் எங்கள் சேலையூர் காலனியில் ஒருவருக்கும் புரியாது. காலில் பலகை, இடுப்பில் பட்டை. பட்டையிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகள், அவற்றின் முனையில் ஒரு காரையே மூடிவிடும் அளவுக்குக் காத்தாடி. அது இழுக்கும், நாம் கடல்மேல் சறுக்குவோம். "இன்னா சார், இந்த வயசுல காத்தாடி விடப் போறீங்களாமே, மாஞ்சா கேஸ்ல புடிச்சிடப் போறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் கேலி செய்வார். நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிடித்த பைத்தியம் அது. மைத்துனனும் வந்து ஒட்டிக்கொண்டான். இரண்டே சீஸனில் என்னைவிட நன்றாக ஓட்டினான். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு, மறைப்பானேன்.

கோவளத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தும் அண்ணன் ஒருவரிடம்தான் நாங்கள் இருவரும் பழகினோம். அவரிடம் ஒரு டீலர் புது மாடல் காத்தாடி ஒன்றைப் பார்க்கக் கொடுத்திருந்தார். பத்து சதுர மீட்டர், ஆல்ரவுண்டு பெர்ஃபார்மன்ஸ் ரகம். அலையில் ஓடும், உயரத் தாவும், கற்றுக்குட்டியையும் காப்பாற்றும் என்று பையின் மேலேயே அச்சடித்திருந்தது. "நீ இன்ஸ்பெக்டர் ஆளு. ரெண்டு வாரம் வெச்சுகினு ஓட்டிப் பாரு. நல்லா கீதுன்னு நீ எழுதிக் குடுத்தா ஸ்கூலுக்கு மூணு எடுத்துக்கிறேன்" என்றார் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் என் கையெழுத்துக்கு யாரும் இப்படிக் கேட்டு நின்றதில்லை.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. அதனால் சும்மா விடவில்லை. காத்தாடியின் முன்விளிம்பில் ஓடும் ஊதுகுழாயில் காற்றடித்து ஹாலில் ஒரு பகல் முழுக்க விட்டுவைத்தேன், இறங்கவில்லை. தையலை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடலில் வேண்டுமென்றே தலைகீழாக விழவிட்டேன், ஒரு பக்கக் கயிற்றை இழுத்ததும் தானே புரண்டு எழுந்தது. கையில் பிடிக்கும் கம்பியான பாரை விட்டால் பாதி இழுப்பு அடங்கியது. திருப்பினால் சொன்ன இடத்தில் திரும்பியது. மைத்துனனும் நானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். "மாமா, இது சூப்பர் மாமா, நமக்கே ஒண்ணு எடுத்துடலாம்" என்று தண்ணீரிலிருந்தே கத்தினான்.

ஒரே ஒரு குறை இருந்தது. இடுப்புப் பட்டைக்கு மேலே, பாரோடு சேர்ந்தே, கைக்கெட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு சிறு குழாய் இருக்கும். ஆபத்து என்றால் அதை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் காத்தாடி பிடி விட்டு, காற்றில்லாமல் துணிபோலக் கீழே விழும். ரிலீஸ் என்போம். உயிர் அதில்தான் இருக்கிறது. இந்தக் காத்தாடியில் அது இறுக்கமாக இருந்தது. முதல் முறை நான் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

இறுக்கம், ரிஜெக்ட் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமர் பார்க்க வரும் முன், நூலிழையில் தவறும் பீஸை நாங்களே லேசாகத் தேய்த்து, துடைத்து, வழுவழுவென்று ஆக்கி நீட்டுவோம். பதினெட்டு வருடத்தில் அது தப்பு என்றே தோன்றாமல் போய்விட்டது. அசைகிற பாகம் எதுவானாலும் கிரீஸ் காட்டுவதும் அதே பழக்கம்தான். கம்பெனியிலிருந்து ஒரு டப்பாவில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து வந்து, ரிலீஸின் உள்ளே விரலால் பூசினேன். அதன் பிறகு ஒற்றை விரலில் திறந்தது. பாகத்தைச் சோதிக்க வந்தவன் பாகத்தையே மாற்றிவிட்டு, ரிப்போர்ட்டில் 'ரிலீஸ் மிக மென்மை, ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிரீஸ் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பெனியில் மணல் கிடையாது, எனக்குத் தோன்றவில்லை. இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு பிற்பகல் கடல்காற்று வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. மைத்துனன் அதே காத்தாடியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தான். காத்தாடி தலைக்கு நேர் மேலே நின்றது. நான் அதைப் பிடித்து இறக்கத் தயாராகக் கரையில் நின்றேன். திடீரென்று ஒரு காற்று. அவனை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கி மணலில் போட்டது, போட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடியது. பாரை விட்டுவிட்டான். இரண்டு கையும் இடுப்புக்கு முன்னால் இருந்தன. தள்ளுகிறான், தள்ளுகிறான், அது திறக்கவில்லை. நானும் ஓடினேன். கடல் அரிப்புக்காகக் கொட்டியிருந்த கருங்கற்களில் அவன் முதுகு மோதிய பிறகுதான் காத்தாடி கிழிந்து நின்றது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், கிழிந்த காத்தாடியை நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து ரிலீஸைக் கழற்றினேன். உள்ளே கிரீஸும் மணலும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கெட்டியாக அடைத்திருந்தன.  யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நான் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி மாட்டினேன்.

"ரிலீஸ் வேலை செஞ்சுதா?" என்று இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த அண்ணன் கேட்டார். வாங்கித் தள்ளிப் பார்த்தார், திறந்தது.

"அது நல்லாத்தான் இருக்கு. அவன்தான் பதட்டத்துல தள்ளாம விட்டுட்டான்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியம் குடும்பம் முழுக்கப் பரவியது. என் மனைவி நம்பினாள். மாமியார் ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும்போது, "அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கியிருக்கக் கூடாதாடா" என்று அழுவார். அது பொத்தான் இல்லை, தள்ளுகிற குழாய் என்று சொல்லித் திருத்தக்கூட அவன் வாயைத் திறப்பதில்லை. நான் ஞாயிறுதோறும் போய் அவனைக் குளிப்பாட்டுவேன். "இந்த மாதிரி மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்று மாமியார் காபி கொண்டு வந்து கொடுப்பார். குடித்தேன். அந்தக் காபியை ஒரு வருடம் குடித்தவன் நான்.

போன மாதம் அவன் ஒன்று கேட்டான். "மாமா, உங்க பழைய பார் ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன். நான் எங்க தப்பு பண்ணேன்னு ஒரு தடவை பாக்கணும்."

மறுப்பதற்குக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு எடுத்துப் போனேன். படுத்தபடியே பாரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ரிலீஸைத் தள்ளினான், திறந்தது. மாட்டித் தரச் சொன்னான், மாட்டினேன். மறுபடி தள்ளினான். வலது கையால், இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு. பத்துப் பதினைந்து தடவை நான் மாட்ட மாட்ட அவன் திறந்தான்.

"பாருங்க, எவ்ளோ ஈஸியா வருது. அன்னைக்கு எப்படி மாமா என்னால முடியாம போச்சு? தள்ளின மாதிரிதான் ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாரும் தள்ளலன்னு சொல்றாங்க. சில நேரம் எனக்கு மூளையிலயும் அடிபட்டிருக்கோன்னு பயமா இருக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கிரீஸ் டப்பாவிலிருந்து மண்ணெண்ணெய் வரை, அண்ணனிடம் சொன்ன வார்த்தை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான், பாரைத் தூக்கி மூஞ்சியில் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பாரை நெஞ்சிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"அப்போ நான் சரியாத்தான் தள்ளினேனா?"

"சரியாத்தான் தள்ளின மச்சான். நான் பாத்தேன்."

 சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மாவைக் கூப்பிடுங்க" என்றான். "இதையே அவங்க கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"அத்தை" என்று கூப்பிட்டேன். காபிதான் கேட்கிறேன் என்று நினைத்து, "இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை" என்றார்.