பச்சைக் குடத்துக்குக் கொடுத்த போன்

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் என் கணவரின் பழைய போனில் அவர்கள் ஆதாரைப் படம் எடுத்து வைப்பேன்.

போன மாதம் பழைய போனுக்குக் குடம் தரும் வண்டிக்காரர் வந்தார். என் கணவர்தான் புதுப் போன் வாங்கிவிட்டாரே என்று, சிம்மை மட்டும் கழற்றிவிட்டுப் பழசைக் கொடுத்து, பச்சைக் குடம் வாங்கினேன்.

மாடியில் இருக்கும் திருநெல்வேலிப் பெண் முத்துலட்சுமி குடத்தைப் பார்த்துவிட்டு, "யக்கா, எங்க ஆதாரெல்லாம் அந்தப் போன்லதான கெடக்கு?" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய், அடுத்த தெருவில் வண்டியைப் பிடித்தாள். சாக்கு நிறையப் போன்கள். "கேமரா மேல கம்பெனி ஸ்டிக்கர் ஓரமா பிஞ்சி ஒட்டிகினு இருக்கும் பாரு" என்றேன். பாதிப் போன்களில் அப்படித்தான் ஸ்டிக்கர்! உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கம்பெனி கேட்டில் எல்லோருக்கும்தானே ஒட்டுகிறார்கள்?

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல்: "அப்பா, எயுந்திரு! டூட்டிக்கு டைமாச்சி!"

என் மகள் எல்.கே.ஜி. படிக்கையில் தன் அப்பாவுக்காகப் பேசிப் பதிந்த, மத்தியான இரண்டாம் ஷிப்ட் அலாரம். வண்டிக்காரரே சிரித்துவிட்டார். குடத்தைத் திருப்பிக் கொடுத்துப் போனை வாங்கினேன்.

இப்போதெல்லாம் உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்து, முத்துலட்சுமி பார்த்து "சரிக்கா" என்ற பிறகுதான் எந்தப் போனும் வாசலைத் தாண்டும். அந்தப் போனையும் அழித்தோம், குரலை மட்டும் என் போனுக்கு மாற்றிக்கொண்டு. நாலாவது படிக்கும் மகளைத் தினமும் பள்ளிக்கு எழுப்புவது அதுதான். "அம்மா, அத்த நிறுத்தேன்!" என்று கத்திக்கொண்டே எழுந்திருக்கிறாள்.