"தேர்வாய் கண்டிகை விரைவீக்கம் யாருப்பா?"

போன ஆடி மாதம், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது இது.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தரை துடைக்கச் சேர்ந்து, இன்று நோயாளிகளைக் கூப்பிட்டு டாக்டரிடம் அனுப்பும் பொறுப்பில் இருக்கிறேன். டாக்டரின் கிறுக்கல் புரியாவிட்டால் மருந்துக்கடைக்காரர் என்னிடம்தான் வருவார். நான் இருக்கும்வரை மைக் தேவையில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

பெயர் சொன்னால் ஒரே பெயரில் நாலு பேர் எழுந்து வருவார்கள். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிடுவேன். 'பொன்னேரி மூலம்', 'கவரைப்பேட்டை சொறி' என்றால் குழப்பமே வராது.

அன்று நல்ல கூட்டம். "தேர்வாய் கண்டிகை விரைவீக்கம் யாருப்பா?" என்றேன். யாரும் எழவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஆண்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என்னிடம் நடக்குமா? சீட்டுப் போட்டவன் முகம் எனக்குத் தெரியும். கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். ஃபைலோடு போய் அவன் எதிரிலேயே நின்றேன். முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு.

பக்கத்தில் சுகர் பார்க்க வந்த பெரியவர் ஒருவர். சற்று முன்புதான் பையன் "வாங்க மாமா" என்று அவருக்கு இடம் கொடுத்து, தனக்கு லேசான ஜுரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆவணியில் அவர் பெண்ணுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று ஃபைலைப் பிடுங்கினார்.

"இன்னாத்துக்குய்யா கூவிக்கினே கீற? என்னுதுதான் அது. காது கொஞ்சம் மந்தம்."

உள்ளே போய் டாக்டரிடம் என் லட்சணத்தைச் சொல்லிவிட்டார். பையனை ஊசி அறை வழியாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, என் ஃபைலை பஸ் ஸ்டாண்டில் நின்று படிக்கட்டுமா என்று கேட்டார். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே மூன்று பேர் பெரியவரைச் சூழ்ந்துகொண்டு விரைவீக்கத்துக்கு நாட்டு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோவணம் கட்டும் முறையையே விளக்கினார். பொறுமையாகத் தலையாட்டினார் மனிதர். நான் மன்னிப்புக் கேட்டதும் தணிந்த குரலில் சொன்னார்:

"அவனுக்கு இன்னாவோ, என் பொண்ணாண்ட அவனே சொல்லிக்குவான். நீ ஊருக்கே சொல்லிட்டா, பையன் மண்டபத்துல எப்டிய்யா தல நிமிந்து நிப்பான்?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது டோக்கன் நம்பரை மட்டும்தான் கூப்பிடுகிறேன். அந்த ஏற்பாடும் என் யோசனைதான் என்று புது நர்ஸ்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் ஃபைலைக் கையில் எடுக்கும்போதெல்லாம், யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் என் வாயில் இருக்கிறது என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை.