வெளிச்சத்தை முந்தப் பார்த்த மொபெட்

எங்கள் அப்பாவின் மொபெட்டில் ஏறிவிட்டால் பெட்ரோல் வாசனையும் கருப்பட்டி வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். திருச்சுழியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வாரந்தோறும் அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் திரும்புவோம். முன்னால் நின்றபடி நான், நடுவில் அப்பா, பின்னால் சரக்குச் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்வி அக்கா. இத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு அந்த வண்டி நகர்ந்ததே பெரிய அதிசயம்தான், போங்கள்.

அதன் விளக்குக்குப் பேட்டரி கிடையாது, என்ஜின் சுற்றினால்தான் எரியும். "ஆக்ஸிலேட்டரை" முறுக்கினால் சாலையோர வேலிக்கருவையின் முள்கூடத் தெரியும்படி வெளிச்சம் பாயும். ஆடு குறுக்கே வந்து வேகம் குறைந்தால் விளக்கும் அழுது வடியும். பாதை தெரியாவிட்டால் ஊர் உலகத்தில் எல்லாரும் மெதுவாகப் போவார்கள், எங்கள் அப்பா இன்னும் முறுக்குவார். "வேகமாப் போனாத்தான்த்தா வெளிச்சம்" என்பது அவர் கட்சி. எங்கள் பக்கத்தில் மொபெட் வைத்திருந்த அத்தனை பேரும் அதே கட்சிதான்.

அக்கா பத்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. இயற்பியல் படிக்க "ஃபர்ஸ்ட் குரூப்பு" வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவோ, "கணக்குப்பதிவியல் எடுத்தாக் கடைக்கு ஆகும், அந்தக் குரூப்பு நமக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டார். அக்கா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அப்பா மசியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள், கரிசல் காட்டு நடுவே வண்டி போய்க்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"அப்பா, இந்த வண்டி வெளிச்சம் போற வேகத்துலயே போச்சுன்னா லைட்டு எப்படி எரியும்?"

"சூரியன் கணக்கா எரியும்."

"அதெப்படி? வெளிச்சமும் நாமளும் ஒரே வேகத்துல போறோம். அது நம்மளத் தாண்டி முன்னாடி எப்படிப் போகும்?"

அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். விளக்கு மங்கி, சுற்றிலும் காடு கறுத்துக்கொண்டு வந்தது. வெகுநேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அட, ஆமாத்தா!" என்றார். வியாபாரத்தில் எவரிடமும் ஏமாறாத மனுஷர், ஒரு கேள்வியில் வகையாக மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. துவரம்பருப்பு கேட்டவரிடமும் இதைத்தான் கேட்டார். டவுன் பஸ் ஓட்டும் மாமா ஒருவர், "வெளிச்சம் பல்புக்குள்ளயே கெடக்கும்ணே, வெளிய வராது" என்று தீர்ப்புச் சொன்னார். "போட்ட லைட்டு எப்படிய்யா உள்ளயே கெடக்கும்?" என்று அப்பா சண்டைக்குப் போனார். சாப்பிடும்போது சோற்றில் கையை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருப்பார், அம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பள்ளியில் சேர்க்கும் நாளும் வந்தது. அக்காவின் முகம் செத்துக் கிடந்தது. அருப்புக்கோட்டைப் பள்ளியில் வரிசை நகர்ந்து, கணக்குப்பதிவியல் மேசைக்கு முன்னால் போய்விட்டோம். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் இயற்பியல் டீச்சர் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், அப்பா வரிசையை விட்டுவிட்டு அங்கே போய் நின்றார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். கேட்டாச் சிரிக்கக் கூடாது."

அக்காவின் கேள்வியை அப்படியே அவர் கேட்டதும் டீச்சர் சிரிக்கத்தான் சிரித்தார்கள், ஆனால் சந்தோஷமாகச் சிரித்தார்கள். "அந்த வேகத்த எந்த வண்டியும் தொட முடியாதுங்க. ஆனா அதுக்குப் பக்கத்துலயே போங்க, போயி லைட்டப் போடுங்க. நின்ன எடத்துல போட்டா எந்த வேகத்துல உங்கள விட்டுப் போகுமோ, அதே வேகத்துலதான் அப்பவும் போகும்."

"சரி. ரோட்டோரம் ஒருத்தன் நின்னு பாத்தா?"

"அவருக்கும் அதே வேகம்தான்."

"அதெப்படி டீச்சர்? ஓடுறவனுக்கும் நிக்கிறவனுக்கும் எப்படி ஒரே வேகமா இருக்கும்? மதுரை பஸ்ஸு ரோட்டுல நிக்கிறவனுக்குப் பறக்குது, கூடவே வண்டியில போறவனுக்கு மெதுவாத்தான தெரியுது!"

"வெளிச்சத்துக்கு அந்தக் கணக்கு செல்லாதுங்க. அது மாறாது. அதுக்காக மத்ததெல்லாம் மாறிக்கிடும். உங்க கடிகாரம் ஓடுறதும் அவரு கடிகாரம் ஓடுறதும் ஒண்ணா இருக்காது. நேரமே வேற வேற."

அப்பா தன் கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். அவர் கையில் ரோமம் சிலிர்த்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், நாங்கள் தினமும் சுவிட்சைத் தட்டி எரியவிட்ட ஒன்றுக்காக நேரமே ஒதுங்கி வழிவிடுகிறது என்றால் அது எப்பேர்ப்பட்டது!

"எனக்கு வெளங்கல டீச்சர்," என்றார் அப்பா. "இவளுக்கு வெளங்குமா?"

"படிச்சா வெளங்கும்."

"அப்ப இவள உங்க குரூப்புலயே போடுங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நல்லா வெளங்கிக்கிட்டு வந்து எனக்குச் சொல்லணும், ஆமா!" என்றார். அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

மதுரையில் கல்லூரிக்குப் போன பிறகும் விடுமுறைக்கு வந்தால் கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்து அவள் விளக்குவாள். ரயில் வைத்துச் சொல்வாள், பந்து வைத்துச் சொல்வாள். அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "கேக்க நல்லாத்தான் இருக்கு, மனசு ஒத்துக்கிட மாட்டேங்குதேத்தா" என்பார். "சரி, அடுத்த தடவ வேற மாதிரி சொல்லு."

இன்று திருச்சுழி சாலையில் நிற்கும்போதே பளீரென்று எரிகிற வண்டிகள்தான் ஓடுகின்றன; வேகத்தைக் கூட்டி வெளிச்சம் தேடுகிறவர் யாரும் இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. போன வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா மதுரையில் இயற்பியல் டீச்சராக இருக்கிறாள்.

போன வாரம் அவள் போன் செய்தாள். வகுப்பில் அந்தப் பாடம் நடத்தும்போது சட்டென்று ஒரு புது வழி தோன்றியதாம். கணக்கு இல்லை, படம் இல்லை, எனக்கும் சொன்னாள். அறிவியல் பக்கமே போகாத எனக்கே பட்டென்று புரிந்துவிட்டது. அதைச் சொன்னேன்.



"இப்படிச் சொல்லியிருந்தா அப்பாவுக்கு வெளங்கியிருக்கும்லடி?" என்றாள்.