அண்ணன் கடை, தம்பி கடை, அப்பாவின் லீவு

புலம்பெயர்ந்த எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் அண்ணனும் தம்பியுமாக நடத்திய சாப்பாட்டுக்கடை உடைந்தபோது, தெருவின் இருபக்கமும் ஒரே பெயரில் இரண்டு கடைகள் முளைத்தன. பலகையில் 'உண்மையான' என்று முதலில் சேர்த்தவர் தம்பி. மறுவாரமே அண்ணன் 'ஆதி' என்று போட்டார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் செலூக்கிய அரசைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சம் அது. ஒருதாய்ப் பிள்ளைகளான இரண்டு அரசர்கள், இருவருக்கும் ஒரே பெயர், அரியணைக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். ஆளுக்கொரு நாணயம், அதில் அவரவர் மூக்கு. ஆதாரம் தேடி நூலகங்களுக்கு அலைந்தேன். தெருவைக் கடந்திருந்தாலே போதும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்பா அண்ணன் கடையில் இறைச்சி ரோல்ஸ் சுருட்டிப் பொரிக்கிறவர். நான் நடுவர்கள் முன் ஆய்வேட்டை விளக்கும் வியாழக்கிழமை, பின்வரிசையில் இருந்து பார்க்க ஆசைப்பட்டார். முதலாளி லீவு தரவில்லை.

"நீங்கள் போனால், ரோல்ஸ் இல்லையெண்டு எதிர்க்கடைக்காரன் சிரிப்பான், அண்ணை" என்றார் அப்பாவிடம்.

தேர்த் திருவிழா வந்தது. தேர் வரும்போது கடைக்காரர்கள் வாசலில் தேங்காய் குவித்து உடைப்பது வழக்கம். அண்ணனின் குவியல் இடுப்பளவு, தம்பியினுடையது நெஞ்சளவு. முதல் தேங்காயை அப்பாதான் உடைக்க வேண்டும் என்று இருவரும் ஆளனுப்பினார்கள். அப்பாவின் ரோல்ஸ் எந்தப் பக்கமோ, சனமும் அந்தப் பக்கம்.

"உன்ரை ராசாக்களின்ரை சண்டையிலை சனம் என்ன செய்தது, மோனை?"

"சில நகரங்கள் ரெண்டு பக்கத்தையும் பார்த்துப் பேரம் பேசி விடுதலை வாங்கினது, அப்பா."

"எனக்கு விடுதலை வேண்டாம். ஒரு வியாழக்கிழமை கிடைச்சால் காணும்."

தேர் நாளில் அப்பா தெரு நடுவில் நின்று, லீவு தருகிறவரின் தேங்காயை உடைப்பதாகச் சொன்னார். அண்ணன் அரைநாள் என்றார்.

"முழுநாள். வேலையும் என்னட்டைச் செய்யுங்கோ" என்றார் தம்பி.

"நானும் முழுநாள் தாறன். கூடவும் வாறன்" என்றார் அண்ணன்.

"அப்ப நானும் வருவன்."

அப்பா இரண்டு குவியலிலும் ஒவ்வொன்று எடுத்து, இரண்டு கையாலும் நடுத்தெருவில் அடித்தார்.

அந்த வியாழக்கிழமை சொன்னபடியே இருவரும் வந்து, பல்கலைக்கழக மண்டபத்தின் இரண்டு அந்தத்திலும் உட்கார்ந்தார்கள். பின்வரிசை நடுவில் அப்பா, இரவல் கோட்டில். முடிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"நல்லாச் சொன்னீர். எல்லாம் அந்த இளையவன் செய்த வேலை."

தம்பியும் தனியாகக் கூப்பிட்டு, மூத்தவனை நான் சரியாகத் தோலுரித்ததாகப் பாராட்டினார்.

பிறகு அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்தார். "அண்ணை, பின்னேரக் கடைக்கு வெளிக்கிடுவமே?"

"முழுநாள் எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்ற அப்பா, ஆளில்லாத மண்டபத்தின் பின்வரிசையில் திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.